மூன்று நாள் ஓடிய படத்தின் மாமியார்

கியோக்சின் ஒரு டஜன் மருமகள்களையாவது கொடுமைப்படுத்தியிருப்பாள். இரண்டு பேரைத் தரகனிடம் விற்றிருக்கிறாள். ஒருத்தியின் மருந்தில் விஷம் கலந்திருக்கிறாள். ஒருத்தியைப் புயல் நாளில் வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். எல்லாம் சினிமாவில்தான். சொந்தமாக ஒரு மருமகள் வரப்போகிறாள் என்று மகன் வந்து சொன்னபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல மாமியார் எப்படி உட்காருவாள், எப்படிச் சிரிப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு வேடத்தை யாரும் அவளுக்குக் கொடுத்ததே இல்லை.

காரணம் அவளுடைய கன்னத்து எலும்பு. முகத்தின் இரண்டு பக்கமும் அது தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி எலும்பு உள்ள பெண் புருஷனை முழுங்கிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. தாய்பேயை ஒட்டிய பெய்தோவின் வெந்நீர் ஊற்று விடுதிகளுக்குப் பின்னால் வாரத்துக்கு ஒரு படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த இயக்குநர்களுக்கு அந்த எலும்பு பெரிய வசதி. விளக்கைக் கீழேயிருந்து காட்டினால் போதும், வசனமே வேண்டாம். பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதே எலும்பு ஒரு காலத்தில் அவளை வீட்டைவிட்டுத் துரத்தியும் இருக்கிறது. புருஷன் காய்ச்சலில் போனபோது மகன் பெங்ஹோக் தவழ்ந்துகொண்டிருந்தான். மாமியார் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பல்குச்சியை வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளியபடி, மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். கியோக்சின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாள். கோவில் கோவிலாகச் சுற்றி, மேடைக்கு அடியில் படுத்து, அவனை வளர்த்தாள். பிற்பாடு சினிமாவுக்கு வந்தபோது அந்தப் பார்வையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். மாமியார் அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து அது.

அவள் நடித்ததிலேயே பெரிய வேடம் ‘அம்மா இன்னும் சாப்பிடவில்லை’ என்ற படத்தில். புருஷனை இழந்த இளம்பெண், கைக்குழந்தை, கொடுமைக்கார மாமியார். பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத மருமகளுக்கு வைத்திருந்த கஞ்சியை மாமியார் எடுத்து நாய்க்கு ஊற்றுவாள். அப்புறம் அவளை மழையில் நிறுத்திக் கதவைச் சாத்துவாள். பிறகு அந்தப் பெண் மூட்டை தூக்கி, ஊரார் துணி துவைத்து, ரத்தத்தை விற்று மகளை ஆளாக்குவாள். கதாநாயகியாக நடித்தவளுக்கு இருபது வயது. குழந்தையைத் தர்பூசணி மாதிரி பிடித்தாள். ஒவ்வொரு முறையும் கேமரா ஓடுவதற்கு முன்னால் கியோக்சின்தான் துணியைக் குறுக்கே போட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, குழந்தையை அவள் முதுகில் கட்டிவிட்டாள். கட்டிவிட்டுத் திரும்பி வந்து, கதவு நிலையில் கையை ஊன்றி, அவளை விரட்டினாள்.

படம் வந்த அதே வாரம் ஹாங்காங்கிலிருந்து ஒரு வாள்சண்டைப் படம் வந்தது. வண்ணப் படம். ரத்தம் சிவப்பாகவே தெரிந்தது. ஜனங்கள் அங்கே ஓடினார்கள். தாய்பேயில் சுவரொட்டியின் பசை காய்வதற்குள் ‘அம்மா’வைக் கொட்டகையிலிருந்து தூக்கிவிட்டார்கள். பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. இயக்குநர் மனம் வெறுத்து மீன் வளர்க்கப் போய்விட்டார். கியோக்சினே அதை முழுதாகப் பார்த்ததில்லை. அந்த வாரம் வேறொரு மருமகளை ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தாள். தெற்கே மாதோ ஊரில் மட்டும், அடுத்த படத்தின் பெட்டி வந்து சேராததால், மூன்று நாள் ஓடியதாகக் கேள்வி.

அந்த மாதோவில்தான் பெங்ஹோக் சர்க்கரை ஆலையில் கரும்பு ஏற்றிவரும் சின்ன ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆலைக்கு எதிரே ஒரு தையற்கடை. அங்கே சோலியன் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து அவனுடைய கால்சட்டைகள் வாரா வாரம் கிழிய ஆரம்பித்தன. கிழிக்க இனி கால்சட்டை இல்லை என்ற நிலை வந்தபோது, கல்யாணத் தரகு பார்க்கும் கிம்போ மாமியைப் போய்ப் பார்த்தான்.

கிம்போ மாமி பொம்மலாட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவள். மாப்பிள்ளையின் அம்மா என்ன செய்கிறாள் என்று பெண் வீட்டில் கேட்டபோது, “தாய்பேயில கலைத்துறை. அவங்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டவங்க ரொம்பப் பேர்” என்றாள். பொய் என்று சொல்லமுடியாது.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இரட்டைப்படையில்தான் போகவேண்டும். மாப்பிள்ளைக்கு மாமன் முறையில் ஒருவர் முன்னால் நின்று பேசவேண்டும். கியோக்சினுக்கு ஏது சொந்தம்? பெய்தோவில் கிடைத்தவர்களைத் திரட்டினாள். ஒப்பனைக்காரியும் அவள் புருஷனும், விளக்குப் பிடிக்கிற ஒருவர், மாமன் வேடத்துக்குத் தோசெங். தோசெங்குக்கு வழுக்கைத் தலை, கட்டைக் குரல். படத்தில் வட்டிக்காரன் என்றால் அவன்தான். மகனையும் தன்னையும் சேர்த்து ஆறு பேர். கணக்குச் சரியாக இருந்தது.

தெற்கே போகும் ரயிலில் அவள் தோசெங்கிடம் சொன்னாள்: “இன்னைக்கு ஒரு நாள் நல்லவனா இரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாதே.”

“எனக்கு அது பழக்கமில்லையே அக்கா. சிரிச்சா எப்படி இருக்கு, பாருங்க.”

“ஐயோ. சிரிக்கவே வேண்டாம்.”

அவளும் ஜன்னல் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தாள். எதிர் இருக்கைக் குழந்தை வீறிட்டது.

மாதோவில் பம்ளிமாஸ் பழுக்கிற காலம். தெரு முழுக்க அதன் வாசனை. வாடகைக் கார்கள் நின்றதும் சரவெடி வெடித்தது. பெண்ணின் அப்பா தியாம் வாசலில் வந்து வரவேற்றார். சொந்தத்தில் கொஞ்சம் பம்ளிமாஸ் தோப்பு வைத்திருக்கிறவர், சாது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கல்யாணக் கேக் பெட்டிகளை மூதாதையர் பீடத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். கியோக்சின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, கன்னத்து எலும்பு தெரியாதபடி முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். கழுத்து வலித்தது.

சோலியன் இளஞ்சிவப்பு உடையில் இனிப்புத் தேநீர்த் தட்டோடு வந்தாள். ஒவ்வொரு சடங்குக்கும் தரகுக்காரி நாலு வரி வாழ்த்துப் பாடவேண்டும். கிம்போ மாமி தொண்டையைச் செருமினாள்.

“தேநீர் இனிப்பு, தேனும் இனிப்பு,
வந்த சனத்துக்கு வாயெல்லாம் சிரிப்பு;
குடிச்ச கோப்பை காலி ஆகட்டும்,
அடுத்த வருஷம் தொட்டில் ஆடட்டும்!”

பெண் கோப்பையை நீட்டியபோது கியோக்சின் தைரியமாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சோலியன் பயப்படவில்லை. கண்ணை ஒருமுறை அகல விரித்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது மாதிரி இருந்தது. நல்ல பெண் என்று கியோக்சினுக்குத் தோன்றியது. இவள் என் மகன் வீட்டில் காலையில் எழுந்து நடமாடுவாள், ‘அம்மா’ என்று கூப்பிடுவாள் என்று நினைத்ததும் தேநீரைக் குடிக்க மறந்து கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு பெண்ணின் அம்மா ஆசுவான் வந்தாள். கையில் சிவப்பும் வெள்ளையுமாய் மாவுருண்டை மிதக்கும் இனிப்புக் கிண்ணங்கள். வந்தவள் நின்றாள். கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சலசலத்தன.

“நாய்க்குக் கஞ்சி ஊத்தினவ!” என்றாள்.

கூடத்தில் இருந்த பலருக்கு ஒன்றும் புரியவில்லை. கியோக்சினுக்கு உடனே புரிந்தது. முதலில் எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். அதற்கு அடுத்த கணம், வெட்கப்படவேண்டிய ஒரு சந்தோஷம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த ஒரு மனுஷி உலகத்தில் இருக்கிறாள்!

“யாரு ஆசுவான்?” என்று கேட்டார் தியாம்.

“உங்களுக்கு எங்க தெரியும்? மூணு நாளும் கொட்டகையில பக்கத்துல உட்கார்ந்து குறட்டை விட்டீங்க! இவதான் அந்த மாமியார்! பச்சை உடம்புக்காரியை மழையில நிறுத்தினவ! இந்த வீட்டுக்கா என் பொண்ணை அனுப்பப் போறேன்?”

“அது படம்மா” என்றாள் கிம்போ மாமி.

“படம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா? கதை படம். சரி. மூஞ்சி? மூஞ்சி அவளோடதுதானே! மனசுல இல்லாத ஒண்ணு மூஞ்சியில எப்படி வரும்?”

கியோக்சின் யோசித்துப் பார்த்தாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

மாமன் முறை என்று தோசெங் எழுந்தான். “தங்கச்சி, ஒரு வார்த்தை கேளுங்க. அது கஞ்சியே இல்லை. சுவரொட்டி ஒட்டற பசை. நாய் அதை மோந்துகூடப் பார்க்கல. அப்புறம் அடியில மீன்தலை வெச்சோம்.”

“பசையா?” ஆசுவானின் குரல் இறங்கியது. “மழை?”

“தீயணைப்பு வண்டிங்க.”

“குழந்தை?”

“குழந்தை நெசம். ஆனா அது பையன். நல்ல கொழுகொழுன்னு இருந்துச்சு, பசியில இருக்கிற மாதிரி தெரியணும்னு கண்ணுக்குக் கீழே கரியைத் தடவி…”

“பசைக்கா நான் மூணு நாள் அழுதேன்?” என்று ஆசுவான் கத்தினாள். “ரெண்டாம் நாள் அழுத அழுகையில எனக்கு ஜுரம் வந்துச்சு! கொழுத்த பையனுக்கா? என்னை ஏமாத்திட்டு என் வீட்லயே வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீங்களா? நீ யாரு முதல்ல? எங்கேயோ கேட்ட குரலா இருக்கு…” அவள் கண் சுருங்கியது. “வட்டிக்காரன்!”

தோசெங் உட்கார்ந்துவிட்டான்.

“என்னங்க, கேக் பெட்டியை எடுத்து வாசல்ல வைங்க. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

கேக் திரும்பிப் போனால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். தியாம் மனைவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மேலே இருந்த ஒன்றை மட்டும் மெதுவாக எடுத்து, வாசலுக்கும் பீடத்துக்கும் நடுவில் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவன் ரயில் ஓட்டிப் பழகியவன். தண்டவாளம் இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியாது.

“பதினோரு மணிக்குள்ள மோதிரம் ஏறணும் ஆசுவான்” என்று கிம்போ மாமி கெஞ்சினாள். “இதை விட்டா இந்த வருஷம் நாளே இல்ல.”

“அம்மா, நேரமாகுது” என்றாள் சோலியன்.

“நீ வாயை மூடு. உனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு உன் கஞ்சி நாய்க்குப் போகும்போது தெரியும்.”

சத்தம் கேட்டுத் தெருப்பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இந்தத் தீவிலேயே அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்த தெரு ஒன்று உண்டு என்றால் அது இதுதான். முதல் நாள் புருஷனோடு பார்த்துவிட்டு வந்த ஆசுவான், அடுத்த இரண்டு நாளும் வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாரையும் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எட்டிப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஒருத்தி கையில் கரண்டியோடு உள்ளேயே வந்தாள்.

“ஏண்டி, பத்து நாள் பச்சை உடம்புக்காரிக்கு எள்ளெண்ணெய்க் கோழி போட்டியா? ஒரு துண்டு இஞ்சியாவது போட்டியா?”

கோவில் மேடையில் கற்ற பாடம் ஒன்று கியோக்சினுக்கு நினைவுக்கு வந்தது. கொடுமைக்காரி வேடம் போட்டவளைப் பார்வையாளர் திட்டினால் பதில் பேசவே கூடாது. பேசினால் காய்கறி பறக்கும். அவள் எழுந்து நின்று தலையைக் குனிந்தாள்.

“தப்புதான் அக்கா. போட்டிருக்கணும்.”

கரண்டிக்காரி இதை எதிர்பார்க்கவில்லை. “எங்க மாமியாரும் அப்படித்தான்” என்றாள், சற்றுத் தணிந்து. “எனக்குக் கழுத்து, தொடை நாத்தனாருக்கு.”

“தப்புதான். தொடையை உங்களுக்குத்தான் தந்திருக்கணும்.”

அந்தப் பெண்ணின் வாய் கோணிக்கொண்டது. கரண்டியால் கண்ணைத் துடைக்கப் பார்த்து, அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்தாள். “இருபது வருஷத்துல ஒருத்தர் இதைச் சொல்லலையே” என்று அழுதாள்.

அடுத்தவள் முன்னால் வந்தாள். “புள்ளை பெத்து ஒரு மாசம் முடியறதுக்குள்ள என்னைக் குளிர்தண்ணியில துணி துவைக்க விட்டீங்க. இன்னைக்கும் மழை வந்தா மணிக்கட்டு வலிக்குது.”

“தப்புதான் தங்கச்சி. தண்ணியை நான் சுடவெச்சுத் தந்திருக்கணும்.”

“பொட்டைப் புள்ளை பிறந்ததுன்னு பக்கத்து வீட்டுக்கு ஒட்டரிசிச் சோறு குடுத்தனுப்பல.”

“தப்புதான். தெரு முழுக்கக் குடுத்திருக்கணும். பொண்ணுன்னா என்ன குறைச்சல்?”

நெரிசல் வரிசையாகிவிட்டது. தெருவில் உள்ள மாமியார்கள் எல்லாருடைய குற்றத்துக்கும் கியோக்சின் ஒருத்தி நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி பத்தரையைத் தாண்டியது. தியாம் கேக் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். ஒப்பனைக்காரி மாவுருண்டைக் கிண்ணத்தை எடுத்து அழுதவர்களுக்கு நீட்டினாள். ஆசுவான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில், தன் ஆத்திரத்தை, தெருவே பங்கு போட்டுக்கொள்வது அவளுக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.

வரிசைக் கடைசியில் ஒரு ஒல்லிப் பெண் இருந்தாள். அவளுக்குக் குறை எதுவும் இல்லை. திட்டுவதில் ஆசை மட்டும்தான். “தப்புதான் தப்புதான்னு சொல்லிட்டா ஆச்சா? அந்த எலும்பைப் பாரு. அதான் புருஷனை முழுங்கிட்டு நிக்கிறா. நாடகக் கூட்டத்துல, மேடைக்கு அடியில புள்ளை வளர்த்தாளாமே, ஆலையில பேசிக்கிறாங்க. அப்படி வளர்ந்த புள்ளைக்கு என்ன ஒழுக்கம் இருக்கும்?”

கியோக்சின் தலையைக் குனிந்தபடியே நின்றாள். ‘தப்புதான்’ என்ற சொல் நாக்குவரை வந்தது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ஒருவேளை மோதிரம் ஏறும். மகன் சுவரோரம் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மேடைக்கு அடியில் தாளச் சத்தத்தில் தூங்கப் பழகிய பிள்ளை. தன் பங்குச் சோற்றில் பாதியைக் கிண்ணத்தில் வைத்து மூடி, ‘அம்மாவுக்கு’ என்று காவல் காத்த பிள்ளை. அதையெல்லாம் இங்கே சொல்லலாம். சொன்னால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும்.

அவள் நிமிர்ந்தாள். மூன்றே எட்டில் வாசலுக்குப் போனாள். கை தானாகவே கதவு நிலையில் ஊன்றிக்கொண்டது. பல்குச்சி இல்லை; இல்லாத பல்குச்சியை நாக்கு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளியது. மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள்.

“கோழிக்கு மன்னிப்புக் கேட்டேன், துணிக்குக் கேட்டேன்” என்றாள் மெதுவாக. “இதுக்குக் கேக்கமாட்டேன். என் புள்ளையை நான் நல்லாத்தான் வளர்த்தேன்.”

ஒல்லிப் பெண் பின்வாங்கினாள். வேடிக்கை பார்த்து நின்றவர்களும் பின்வாங்கினார்கள். கரண்டிக்காரி படி தடுக்கி ஒரு சைக்கிள்மேல் சாய்ந்தாள். யாரோ ஒருத்தி, “படத்துல பார்த்ததைவிட நேர்ல இன்னும் பயங்கரம்” என்று முணுமுணுத்தது கேட்டது.

கியோக்சின் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். நல்ல மாமியாராக ஒரு காலைப் பொழுதுகூட நடிக்கத் தெரியவில்லை. பெண்ணைக் கொடுக்க இருந்த வீட்டு வாசலில் நின்று அதே பார்வை!

ஒல்லிப் பெண் தெருவின் நடுவிலிருந்து தைரியம் வரவழைத்துக்கொண்டு, “பார்த்தியா ஆசுவான், பார்த்தியா! இவகிட்ட…” என்று ஆரம்பித்தாள்.

“என்னத்தைப் பார்க்கிறது?” ஆசுவான் பாய்ந்து கியோக்சினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “யார் வீட்டு வாசல்ல நின்னு யாரைப் பேசறே? உனக்கு மாமியாரே கிடையாது, நீ எதுக்கு வரிசையில நின்னே? அவங்க புள்ளையைச் சொன்னா அவங்க பார்க்காம என்ன பண்ணுவாங்க? என் பொண்ணை எவளாவது சொல்லட்டும், நான் பார்க்கமாட்டேனா? என் சம்பந்தியைத் திட்டறதுன்னா நான் திட்டிக்கிறேன். நீ போ!”

“சம்பந்தி!” கிம்போ மாமி கையைத் தட்டினாள். “வாய்ல வந்துடுச்சு! மூதாதையர் முன்னால சொல்லியாச்சு! தியாம், அந்தப் பெட்டியை வைங்க கீழே!”

தியாம் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மரத்துப்போன கையை உதறினார்.

ஆசுவான் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் கியோக்சின் பக்கம் திரும்பி, இன்னும் கோபம் குறையாத முகத்தோடு, குரலை மட்டும் தாழ்த்திக் கேட்டாள்: “ஒண்ணு கேக்கறேன். இவங்க இருக்கப்போற ஆலைக் குடியிருப்புல எல்லாரும் வாய் நீளமானவங்க. என் பொண்ணை யாராவது ஏதாவது சொன்னா?”

“ரயில் ஏறி வந்து வாசல்ல நிப்பேன்.”

“இப்படியே?”

“பல்குச்சியோட.”

ஆசுவான் அந்தக் கன்னத்து எலும்பை ஒருமுறை அளந்து பார்த்தாள். “சரி. மோதிரத்தை எடுங்க.”

சோலியனைக் கூடத்தின் நடுவே உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டார்கள். மாமியார் போடும் மோதிரம் விரலின் அடிவரை போய்விட்டால் மருமகள் காலம் பூராவும் அவளுக்கு அடங்கிக் கிடக்கவேண்டியதுதான். அதனால் பெண் நடுவிரலை மடக்கிக்கொள்வாள். மாமியார் தள்ளுவாள், மருமகள் மடக்குவாள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எல்லா வீட்டிலும் விளையாட்டாக நடப்பதுதான். இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல் முழுக்கத் தெருப்பெண்களின் முகம். ஆசுவான் மகளின் நாற்காலிக்குப் பின்னால் காவல் நின்றாள்.

“மடக்கு.”

சோலியன் மடக்கினாள்.

“இன்னும் மடக்கு. கொக்கி மாதிரி.”

கியோக்சின் மோதிரத்தை நகத்தைத் தாண்டி, முதல் கணுவரை கொண்டுபோய் நிறுத்தினாள். இது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல மாமியார் இங்கேதான் நிறுத்துவாள்.

“ஏன் நின்னுட்டீங்க?” என்றாள் ஆசுவான் சந்தேகத்தோடு.

“போதுமே சம்பந்தி. குழந்தைக்கு வலிக்கும்.”

“அதென்ன போதும்? நீங்க தள்ளவே இல்லைன்னா நாங்க மடக்கினதுக்கு என்ன மரியாதை? நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாங்க, ஆசுவான் பொண்ணுக்கு மோதிரத்தைப் பாவம் பார்த்து விட்டாங்கன்னா? தள்ளுங்க. படத்துல அவ்வளவு பலம் இருந்துச்சே!”

“பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம்!” என்று கிம்போ மாமி அலறினாள்.

கியோக்சின் தள்ளினாள். சோலியன் மடக்கினாள். தையற்காரி விரல், இரும்பு மாதிரி இருந்தது. மணப்பெண் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. கண்ணில் விளையாட்டு மின்னியது. மூன்று பெண்களின் தலைகளும் அந்த ஒரு விரல்மேல் குனிந்திருந்தன. நாற்காலி கிறீச்சிட்டது. ஜன்னலில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்த ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கட்சி மாமியாருக்கே ஆதரவு என்பதைக் கியோக்சின் கவனித்தாள். அவ்வளவு நெருக்கத்தில், ஆசுவானின் காது தன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தபோது, இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த கேள்வி அவளை மீறி வெளியே வந்துவிட்டது.

“சம்பந்தி… அந்தக் கதவைச் சாத்தற காட்சி… நல்லா வந்திருந்துச்சா?”

“நல்லாவா?” ஆசுவான் மூச்சிரைத்தாள். “உங்களை அறையணும்னு எழுந்துட்டேன். பின்னாடி இருந்தவன் தலை மறைக்குது, உட்காருன்னான். அவனுக்கும் ஒரு அறை விட்டேன்.”

பத்து வருஷச் சினிமாவில் கியோக்சினைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த பலமெல்லாம் எங்கோ போயிற்று. விரல்கள் தளர்ந்தன. மோதிரம் இரண்டாம் கணுவுக்கு ஒரு அரிசி இடைவெளியில், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், நின்றுவிட்டது.

“ஏறிடுச்சு!” என்றது ஜன்னலில் ஒரு கட்சி.

“ஏறல, நின்னுடுச்சு!” என்றது மற்றது.

கிம்போ மாமி சண்டையைக் கேட்க நிற்கவில்லை. ஒரே மூச்சில் பாடினாள்:

“நடுவிரலிலே மோதிரம் நிக்குது,
நாலு சனமும் பார்த்துச் சொக்குது;
மாமியார் பாதி, மருமக பாதி,
வெடியைப் போடுங்க, மத்தது மீதி!”

வெளியே சரவெடி வெடித்தது. பெங்ஹோக் அப்போதுதான் மூச்சு விட்டான். தோசெங் மறந்துபோய்ச் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்த ஒரு குழந்தை ஓடிப்போயிற்று.

விருந்து நடந்தது. நிச்சய விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் கடைசிப் பதார்த்தம் வருவதற்குமுன் எழுந்துவிடவேண்டும். ‘போயிட்டு வரோம்’ என்று சொல்லக்கூடாது. பெண் வீட்டாரும் ‘வாங்க’ என்று வழியனுப்பக்கூடாது. சொன்னால் சடங்கு இன்னொரு தடவை நடக்கும், அதாவது பெண்ணுக்கு இரண்டாம் கல்யாணம் என்று பயம். ஆகவே மீன் தட்டு வந்ததும் ஆறு பேரும் திருடர்கள் மாதிரி ஒருவர்பின் ஒருவராக நழுவினார்கள்.

கியோக்சின் தெரு முனையில் நிற்கும் காரை நோக்கி நடந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஆசுவான். இரண்டு கையிலும் பெரிய பம்ளிமாஸ் பழங்கள். அவற்றைக் காருக்குள் வைத்தாள். அப்புறமும் நகரவில்லை. கண்ணாடிக் கதவில் கையை வைத்துக்கொண்டு, வழியனுப்புவது மாதிரி ஆகிவிடாமல் என்ன பேசுவது என்று தவித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில், “அடுத்த படத்துல என்ன பண்றீங்க?” என்றாள்.

“மருமகளைக் கிணத்துல தள்ளறேன்.”

ஆசுவானின் முகம் இருண்டது. “செத்துடுவாளா?”

“அதை எப்படிச் சொல்றது சம்பந்தி? கர்ப்பிணி வேற.”

“கர்ப்பிணியையா!” ஆசுவான் பல்லைக் கடித்தாள். “பாவி. பாவி நீங்க.” பிறகு காரோட்டி வண்டியைக் கிளப்பும் சத்தத்தைக் கேட்டு அவசரமாக ஜன்னலுக்குள் தலையை நுழைத்தாள். “மாதோவுக்கு எப்ப வரும் அது? முன்னாடியே சொல்லி அனுப்புங்க. தெருவுல எல்லாருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கணும்.”